1960 மாரிஸ் மைனர் கன்வெர்ட்டிபிள்: வாங்குவதற்கு முன் செய்த சோதனைகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் பகுதியில் ஒரு தரைவீட்டின் முகப்பில், தார்ப்பாய் போர்த்தியபடி சில ஆண்டுகளாக ஓடாமல் நின்றுகொண்டிருந்த 1960ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் 1000 கன்வெர்ட்டிபிளை வாங்கலாமா, வாங்கினால் அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதை முடிவுசெய்ய நான் செய்த சோதனைகளின் பதிவு இது. மூடிய காரைச் சோதிப்பதற்கும் கூரை மடங்கும் காரைச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்தின் குளிரையும் உப்புத் தூவிய சாலைகளையும் மனத்தில் வைத்து எழுதிய வாங்குவோர் கையேடுகளும் நம் ஊர் மழைக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே எந்த இடத்தைப் பார்த்தேன், அங்கே கண்டதை வைத்து எப்படி முடிவெடுத்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. பிரிட்டிஷ் கார்களில் முதன்முதலாகப் பத்து லட்சத்தை எட்டிய பெருமை அதற்கு உண்டு. அதன் கன்வெர்ட்டிபிள் வடிவம் 1969 வரை உற்பத்தியில் இருந்தது. மொத்தம் சுமார் 75,000 வண்டிகள் வெளிவந்தன. உலக அளவில் இதை மிக அரிய கார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிங்கப்பூரில் நிலைமை வேறு. பழைய காரை அழித்துவிட்டுப் புதியது வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை தரும் ஏற்பாடு 1975இல் வந்தது. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்த பிறகு, பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு காரும் தன் இருப்பை விலை கொடுத்து நீட்டித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த இரண்டையும் தாண்டி வந்த பழைய கார்களே குறைவு. அவற்றிலும் துணிக் கூரையோடு ஆண்டு முழுவதும் மழையைத் தாங்கி நின்றவை இன்னும் குறைவு.

அதனால் தார்ப்பாயை விலக்குவதற்கு முன்பே பத்திரங்களைக் கேட்டேன். இந்த ஊரில் பதிவு நீக்கப்பட்ட காரை அழித்துவிட வேண்டும் அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வீட்டு முகப்பில் வைத்து ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டுக்கொண்டிருக்க இயலாது. குறைந்தது 35 ஆண்டு பழமையான கார்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டம் இருக்கிறது. அதன்கீழ் பதிவான காரை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்றாலும், என்னைப் போன்றவர்களுக்கு அது போதும். இந்த வண்டி அத்திட்டத்தின்கீழ் பதிவாகியிருந்தது. வண்டியின் உரிமையாளரான பெரியவர் காலமான பிறகும் அவருடைய மனைவி பதிவை உயிரோடு வைத்திருந்தார். "பேப்பர் வேலையை மட்டும் நான் விடவே இல்லை தம்பி. விட்டா வண்டியைக் கொண்டுபோய் நொறுக்கிடுவாங்கன்னு மகன் சொன்னான்" என்று கூறியபடி கோப்பை என் கையில் கொடுத்தார். அந்த அம்மா செய்த அந்தக் காரியம்தான் இந்த வண்டிக்குக் கிடைத்த முதல் செப்பனிடும் பணி என்று நான் கருதுகிறேன்.

பத்திரத்தில் இருந்த சேஸி எண்ணையும் என்ஜின் எண்ணையும் குறித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். என்ஜின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் ரிவெட் அடித்திருந்த அடையாளத் தகட்டை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்ததும் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. 1950களின் இறுதியிலிருந்து வந்த மைனர்களில், எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளே வண்டியின் வகையைச் சொல்லிவிடும். எம் என்பது மாரிஸ். ஏ என்பது ஏ-சீரிஸ் என்ஜின். அடுத்து வருவது உடலின் வகை: இரண்டு கதவு மூடிய காருக்கு 2எஸ், நான்கு கதவுக்கு எஸ், மரச் சட்டம் வைத்த டிராவலருக்கு டபிள்யூ, கன்வெர்ட்டிபிளுக்கு டி. அதன்பின் வரும் 3 என்பது 948 சிசி என்ஜினோடு வந்த வரிசையையும், 5 என்பது 1962இலிருந்து வந்த 1098 சிசி வரிசையையும் குறிக்கும். என் கண்முன் இருந்த தகட்டில் எம்ஏடி3 என்று பொறித்திருந்தது. என்ஜின் எண்ணும் 948 சிசி மைனருக்குரிய 9எம் என்ற முன்னொட்டோடு தொடங்கி, பத்திரத்தோடு பொருந்தியது.

ஆனால் தகடு நிற்பது ரிவெட்டில். ஒரு காரிலிருந்து எடுத்து இன்னொரு காரில் அடிப்பது கடினமான வேலையல்ல. கன்வெர்ட்டிபிளுக்கு விலை அதிகம் என்பதால், இரண்டு கதவு மூடிய மைனரின் கூரையை அறுத்துவிட்டுத் துணிக் கூரை பொருத்தி விற்ற வண்டிகள் இங்கிலாந்தில் ஏராளம். ஆகவே எழுத்தை நம்பாமல் உடலைப் பார்க்க வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடு, சில் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி), கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. மூடியை ஒட்டிய அட்டைப்பெட்டி எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, மூடியைக் கிழித்தெடுத்ததும் அது எப்படி முறுக்கிக்கொள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், கூரையை எடுத்த காரின் நிலை புரிந்துவிடும். ஆலையில் கன்வெர்ட்டிபிளாகவே உருவாக்கிய வண்டிகளில் இந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதல் தகடுகளை வைத்தார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே இரு ஓரங்களிலும் வலுத்தகடுகள் இருக்கும். சில்லின் உட்பக்கத்தில் நீளவாக்கில் தடித்த தகடு ஓடும். கதவுக்குப் பின்னுள்ள தூணின் அடியிலும் வலுவூட்டல் இருக்கும். கூரையை அறுத்து மாற்றியவர்களில் பலர் இவற்றைச் செய்யாமலே விட்டுவிடுவார்கள். செய்தவர்களும் கைவெல்டிங்கில்தான் செய்திருப்பார்கள்.

இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் விளக்கையும் சிறு கண்ணாடியையும் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கத் தகட்டின் ஓரத்தில், பெயின்ட்டுக்கு அடியில், பட்டாணி அளவு வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாகப் போயின. அவை ஆலையில் போட்ட புள்ளி வெல்டிங்கின் தடங்கள். கையால் வெல்டிங் செய்தால் கம்பளிப்பூச்சிபோல் மேடு விழும். அரைத்துச் சமமாக்கினாலும் அரைத்த கீறல் எங்காவது தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. தகட்டின் மேலுள்ள பழைய பச்சைப் பெயின்ட்டும், அதற்கு அடுத்திருந்த தடுப்புச் சுவரின் பெயின்ட்டும் ஒரே படலமாகத் தொடர்ந்தன. இடப்பக்கத்திலும் அதே குழிகள், அதே இடைவெளி. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் பின்தூணின் தலையிலும் அறுத்த அடையாளம் இல்லை. இது ஆலையிலிருந்து கன்வெர்ட்டிபிளாகவே வந்த வண்டி என்று அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அடுத்து துரு. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, சக்கரம் தெறிக்கும் நீரோடு அடியிலிருந்து மேலே ஏறி இரும்பைத் தின்னும். நம் ஊரில் சாலையில் உப்பு இல்லை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மழைநீர் துணிக் கூரையின் தளர்ந்த மூலை வழியாக மேலிருந்து உள்ளே இறங்கும். இறங்கிய நீர் கம்பளத்துக்கு அடியிலும் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். அதனால் அடிப்பாகம் பளபளப்பாக இருந்தாலும் உட்பாகம் மாவாகியிருக்கலாம். இங்கே வண்டியை மேலே தூக்கிப் பார்ப்பதற்கு முன், கூரையில் தண்ணீர் எங்கே புகுந்தது, புகுந்தது எந்தப் பக்கம் ஓடியது என்று தேட வேண்டும்.

வண்டி நின்ற முகப்புத் தரை, கால்வாய்ப் பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தது. வண்டியின் இடப்பக்கம் அந்தத் தாழ்வான பக்கத்தில் இருந்தது. துணிக் கூரையின் இடப் பின் மூலையில் தையல் பிரிந்து, அதற்குக் கீழே பின்தூணின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நீர்த்தடம் சில்வரை இறங்கியிருந்தது. கம்பளத்தைத் தூக்கியபோது வலப்பக்கம் காய்ந்த தூசியும், இடப்பக்கம் இரும்புத் துகள் கலந்த ஈரமும் இருந்தன. வடிகால் துளையை மூடியிருந்த ரப்பர் அடைப்பானைச் சுற்றி யாரோ தார் பூசியிருந்ததால், புகுந்த நீர் வெளியேற வழி இருக்கவில்லை. இந்த ஒரு தடத்தைக் கண்டபின் வண்டியின் இரு பக்கங்களையும் இரண்டு தனி வண்டிகளாகவே கருதிச் சோதித்தேன்.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய துணி சுற்றிய காந்தம், சிறு சுத்தியல், மழுங்கிய திருப்புளி, கைப்பேசியோடு இணைக்கும் குழாய்க் கேமரா ஆகியவையே. வலச் சில்லில் காந்தம் முழுநீளமும் பிடித்தது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்டது. இடச் சில்லிலோ கதவின் நடுப்பகுதிக்கு வந்ததும் காந்தம் கையோடு நழுவியது. தட்டினால் சத்தம் மந்தமாக இருந்தது. தடிமனான தார்ப்பூச்சைச் சுரண்டியபோது அலுமினியத் தகடு ஒன்று பாப் ரிவெட்டில் நின்றது தெரிந்தது. அம்மாவின் அனுமதியோடு ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் தகட்டை விலக்கினேன். உள்ளே இருந்த உட்சில்லின் கீழ்விளிம்பு ஓரடிக்கும் மேலான நீளத்துக்கு இல்லாமல் போயிருந்தது. மீதியிருந்த இரும்பு திருப்புளி முனை பட்டதும் அடுக்கடுக்காக உதிர்ந்தது. இரும்பின்மேல் அலுமினியத்தை வைத்து, இடையில் ஈரமும் தங்கினால், இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். பெரும்பாலும் அலுமினியம்தான் முதலில் கரையும் என்றாலும், அந்த இடுக்கில் நீர் நிற்பதே அடியிலுள்ள இரும்பைத் தின்னப் போதுமானது. இதைச் செய்தவர் யார் என்பது தெரியாது. ஓட்டையை மறைத்ததோடு, துரு வளர ஈரமான ஓர் அறையையும் அவர் கட்டிக்கொடுத்துவிட்டார்.

கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வெல்டராக வேலை பார்த்த அண்ணன் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவர் அலுமினியத் தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனது எவ்வளவுன்னு பார்க்காதீங்க தம்பி, நல்ல இரும்பு எங்கே ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அங்கேதானே நான் பிடிச்சு வெல்டிங் போடணும்" என்றார். அவர் சொன்னபடி சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, சுத்தியல் ஒலி கணீரென்று மாறும் இடங்களைக் கோடிட்டுக்கொண்டே போனோம். இடப்பக்க உட்சில்லில் நடுப்பகுதி முழுவதும், முன் தரைத் தகட்டின் வெளியோரம், பின்தூணின் அடி ஆகியவை கோட்டுக்குள் வந்தன. முன்கதவுத் தூணும் பின் ஸ்பிரிங் தாங்கிகளும் கோட்டுக்கு வெளியே, உறுதியாக இருந்தன. மைனரில் பின் ஸ்பிரிங் தாங்கிகள் போயிருந்தால் வேலை இன்னொரு மடங்கு கூடும்.

இந்தக் காரில் எல்லாவற்றையும்விட முக்கியமான உறுப்பு, முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்காகப் போகும் கிராஸ்மெம்பர். முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள் இரண்டும் வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கி வந்து, இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் முடிகின்றன. முன்சக்கரங்களின் பாரத்தை எதிர்த்து முறுக்கிக்கொண்டு நிற்கும் கம்பியின் முனை, துருப்பிடித்த தகட்டில் நின்றால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஜாக்கி வைக்கும் இடமும் அதன் இரு முனைகளில்தான் இருக்கிறது. ஆகவே அது தளர்ந்திருந்தால் பலமுறை ஜாக்கி ஏற்றியதிலேயே நசுங்கியிருக்கும். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில் வல முனை சுத்தமாக இருந்தது. இட முனையில் ஜாக்கி நுழையும் பகுதியைச் சுற்றி இரும்பு பல அடுக்குகளாக உப்பியிருந்தது. டார்ஷன் பார் நிற்கும் இடம் அதற்கு உட்பக்கமாக இருந்ததால் அங்கே துரு மேற்பரப்போடு நின்றிருந்தது. இந்தச் சிறிய இடைவெளிதான் வண்டியை வாங்கலாம் என்ற பக்கம் என்னைச் சாய்த்தது.

உடல் தொய்ந்திருக்கிறதா என்பதைக் கதவிடுக்குகளே சொல்லும். கன்வெர்ட்டிபிளின் நடுப்பகுதி கீழே இறங்கினால், முன்தூணும் பின்தூணும் தலைப்பக்கம் ஒன்றையொன்று நெருங்கும். அப்போது கதவின் பின்விளிம்பில் மேலே இடுக்கு குறையும், கீழே கூடும். வலக்கதவில் மேலே 5 மில்லிமீட்டர், கீழே 5 மில்லிமீட்டர். இடக்கதவில் மேலே 2, கீழே 8. பிறகு கதவைத் திறந்துவைத்து, கதவு வாயிலின் மூலைவிட்டங்களை இருபுறமும் அளந்து ஒப்பிட்டேன். இரு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அளவில் இடப்பக்கம் 7 மில்லிமீட்டர் வேறுபட்டது. அடுத்து, உறுதியாக இருந்த கிராஸ்மெம்பர் உட்பகுதியில் மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் பாரத்தை மட்டும் மெல்ல எடுத்துக்கொள்ளும்படி தூக்கினேன். இடக்கதவின் மேல் இடுக்கு 2இலிருந்து 4 மில்லிமீட்டருக்கு விரிந்தது. உறுதியான உடலில் இந்த அளவு மாறவே கூடாது. மாறியது பலவீனத்தைக் காட்டியது. அதே நேரத்தில், உடல் வளைந்த வடிவத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடவில்லை, தாங்கிப் பிடித்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதையும் காட்டியது. ஜாக்கி ஏற்றியும் அசையாமல் கோணலாகவே நின்றிருந்தால், யாரோ முன்பே வளைந்த நிலையில் வைத்து வெல்டிங் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அத்தகைய வண்டியை நான் தொட மாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் எந்தக் கார் வந்தாலும் இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. சில் அரித்த கன்வெர்ட்டிபிளை அப்படி ஏற்றினால் லிஃப்டின் கைகளே உடலை வளைத்துவிடும். இதைவிடப் பெரிய தவறு, வண்டி தொய்ந்த நிலையில் நிற்கும்போதே பழைய சில்லை அறுத்துப் புதியதை வெல்டிங் செய்வது. அதற்குப்பின் அந்தக் கதவு வாழ்நாள் முழுவதும் ஒழுங்காகச் சாத்தாது. அறுப்பதற்கு முன் வண்டியைச் சமதரையில் பல இடங்களில் தாங்கி, கதவிடுக்குகள் சரியான அளவுக்கு வரும்வரை சரிசெய்து, முன்தூணிலிருந்து பின்தூணுக்கு இரும்புக் கம்பிகளைக் குறுக்காக இணைத்துப் பூட்ட வேண்டும். கதவைக் கழற்றாமல் மாட்டிவைத்தே ஒவ்வொரு கட்டத்திலும் சாத்திப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே திறக்க வேண்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, மிதியின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குச் செலுத்தும் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே உடலோடு ஒன்றிய நீளச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். பிரேக் எண்ணெய் கசிந்தால் யாருக்கும் தெரியாது. கசிந்த எண்ணெய் சட்டத்தின் உட்புறப் பெயின்ட்டை உரித்துவிட, ஈரக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தரையில் உள்ள மூடியைக் கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் வறண்டு, அதைச் சுற்றி பெயின்ட் சுருண்டு உரிந்திருந்தது. ஆனால் இரும்பு கெட்டியாகவே இருந்தது. சிலிண்டரை வெளியே எடுக்க அதன் போல்ட்டுக்கு வழிமறிக்கும் டார்ஷன் பாரை நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேலையைக் கிராஸ்மெம்பர் வேலையோடு சேர்த்துச் செய்வதே அறிவுடைமை. பிரேக் உறுப்புகள் அனைத்தையும் நல்லது, கெட்டது பார்க்காமல் புதிதாகப் போடுவது என்று எழுதிக்கொண்டேன். முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ் டிரனியன்களில் (மரையிட்ட மூட்டுகளில்) கிரீஸ் வறண்டு மரை தேய்ந்திருந்தால், சக்கரமே உள்ளே மடங்கிவிடும். ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் இடப்பக்கம் ஆட்டம் தெரிந்தது. அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

என்ஜினைக் கடைசியாகத்தான் பார்த்தேன். ஏ-சீரிஸ் என்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்காத நிலை இன்றும் வரவில்லை. அதன் நிலையை வைத்து இந்த வண்டியை ஏற்பதோ தள்ளுவதோ சரியல்ல. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தபின், முன்பக்கக் கைப்பிடியால் சுற்றியபோது தடையின்றிச் சுழன்றது. அழுத்தம் பார்த்ததில் நான்கில் மூன்று சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவைக் காட்ட, மூன்றாவது சிலிண்டர் மட்டும் பாதிக்குக் கீழே நின்றது. எண்ணெய் விட்டும் அது உயரவில்லை என்பதால் பிஸ்டன் வளையத்தில் குறை இல்லை, வால்வில்தான் கோளாறு. மேல்மூடியைத் திறந்து, 0.012 அங்குலம் இருக்க வேண்டிய வால்வு இடைவெளிகளை அளந்தபோது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை. வால்வு முழுவதும் மூட முடியாமல் நின்றிருக்கிறது.

இதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998 ஜூலையோடு நின்றது. ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டில் வால்வும் அது படிந்து மூடும் இருக்கையும் ஒட்டித் தேயாமல் காத்துவந்தது. அது இல்லாதபோது எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறும். ஏற ஏற இடைவெளி சுருங்கும். இந்த என்ஜினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே வழியில் வெளியேறுவதால் நடுப்பகுதி கூடுதலாகச் சூடேறும். இடைவெளியைச் சரிசெய்து மீண்டும் அளந்ததும் அழுத்தம் மற்றவற்றின் அருகே வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்தினால் போதும். என்ஜினையே மாற்றிவிடலாம் என்று சொல்வோர் உண்டு. என்ஜின் எண் பதிவோடு பொருந்திய நிலையில் அதை மாற்றுவது, ஆணையத்தில் தேவையற்ற நடைமுறைகளை வரவழைப்பதோடு வண்டியின் உண்மைத் தன்மையையும் குறைக்கும் என்பது என் கருத்து.

துணிக் கூரையில் துணிக்கு மதிப்பே இல்லை. அதை எந்த நல்ல குஷன் கடையிலும் தைத்துக்கொள்ளலாம். மதிப்பு அதைத் தாங்கும் இரும்பு வளைவுகளிலும் மூட்டுகளிலும்தான் இருக்கிறது. மூடிய மைனர்களில் இவை இல்லாததால் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி எடுப்பதும் எளிதல்ல. வளைவுகளை ஒவ்வொன்றாக விரித்து, மடித்துப் பார்த்தேன். மூட்டுகள் இறுகியிருந்தனவே தவிர ஒன்றும் குறையவில்லை. முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும் மரக்கட்டையில்தான் குறை. கட்டை பார்க்க முழுதாக இருந்தது. விரல் நகத்தால் அழுத்தியதும் பெயின்ட் மட்டும் உள்ளே போனது. கரையான் உட்பகுதியைச் சுத்தமாகத் தின்றுவிட்டு மேல்தோலை விட்டுவைத்திருந்தது. வளைவு கெடாமல் மாதிரி எடுத்தால் தச்சர் புதிதாகச் செய்துகொடுப்பார். அதனால் அந்தக் கூட்டை உடையாமல் கழற்றி, அப்படியே பலகையில் வைத்து விளிம்பைக் கோடிழுத்துக்கொண்டேன்.

மின்கம்பிகளின் துணி உறை உதிர்ந்துவிட்டதால் முழுவதும் புதிதாகப் போட வேண்டும். இந்த வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதைப் பட்டறையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டப்போகிறேன். குரோமியம், இருக்கை, பெயின்ட் ஆகியவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. அவை கண்ணுக்குத் தெரியும் குறைகள்.

முடிவாக, வாங்குவது என்று தீர்மானித்தேன். இட உட்சில், தரையோரம், பின்தூணின் அடி, கிராஸ்மெம்பரின் இட முனை ஆகிய வேலைகளுக்கு அண்ணன் சொன்ன கூலியையும், இங்கிலாந்திலிருந்து தகடுகளை வரவழைக்கும் செலவையும், அதன்மேல் வரும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் எழுதிக் கழித்து, மீதித் தொகையை அம்மாவிடம் கணக்கோடு காட்டினேன். மகனும் உடனிருந்து படித்துப் பார்த்தார். இடச் சில்லின் படங்களைக் கண்ட பிறகு அவர்கள் விலையில் மறுபேச்சுப் பேசவில்லை. பெரியவர் வைத்திருந்த பழைய உதிரிபாகப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் பயன்படுத்தாத ஒரு ஜோடி டிரனியன்கள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தன.

வண்டியைச் சுங்கை காடுட்டில் உள்ள பட்டறைக்குத் தட்டையான லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். ஏற்றும்போது சாய்வில் உடல் முறுக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், இரு கதவு வாயில்களிலும் குறுக்குக் கம்பிகளை அந்த வீட்டு முகப்பிலேயே போல்ட் போட்டுப் பூட்டிவிட்டோம். பட்டறையில் இறக்கியதும் முதல் வேலை, இப்போது குறித்துவைத்திருக்கும் இடுக்கு அளவுகளையும் மூலைவிட்டங்களையும் மறுபடி அளந்து ஒப்பிடுவது. அவை மாறாமல் இருந்தால் இடப்பக்க உட்சில்லிலிருந்து அறுக்கத் தொடங்குவோம்.